நான்கு லிட்டர் பச்சை

லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸில் வேதாவின் பெயர் இல்லை, பிளாட் எண் மட்டும் இருந்தது. 304-இல் வைத்திருக்கும் ரசாயனத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் வீட்டு உரிமையாளருக்கு எழுதி வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசனின் கையெழுத்து.

வேதா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு டேப் விட்டுப்போன ஒரு மூலையை நகத்தால் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மனை விற்கும் விளம்பரத்தாள். நீரூற்று, தென்னை வரிசை, கையை விரித்து நிற்கும் ஒரு குடும்பம். ஸ்ரீனிவாசனின் மருமகன் மனை வியாபாரம் செய்கிறார். மீந்துபோன விளம்பரத்தாள்களின் வெறும் பக்கத்தில்தான் சங்கத்தின் நோட்டீஸ்கள் எல்லாம் அச்சாகும். படம் இருந்த பக்கம் வழவழவென்று இருந்தது. நல்ல தாள் என்று நினைத்துக்கொண்டாள். மூலையை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டுத் தரைத்தளத்துக்குப் போனாள்.

ஸ்ரீனிவாசன் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஓர் அரசு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கும்பகோணத்தை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"வாங்கோம்மா. நோட்டீஸ் பார்த்தேளா?"

"பார்த்தேன் சார். அப்புறப்படுத்தணும்னா எங்க?"

"எங்கேன்னா? பாத்ரூம்ல ஊத்தி ரெண்டு பக்கெட் தண்ணி விட்டா முடிஞ்சுது. இது ஒரு கேள்வியா?"

"அதுல செம்பு கரைஞ்சு கிடக்கு சார். நாலு லிட்டர். இங்க ஊத்தினா சாக்கடை நாலாவுக்குப் போகும், நாலாலேர்ந்து ஏரிக்குப் போகும். ஒரு மீன் மிஞ்சாது."

"அந்த ஏரியில ஏற்கெனவே என்ன மிஞ்சியிருக்கு?"

"அதனால நானும் ஊத்தணுமா? கைக்கு சார்?"

வேதாவின் குடும்பம் நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. கோபம் வந்தால் அவள் தமிழில் 'எதுக்கு' போய் ஊர் உருதுவின் 'கைக்கு' வந்துவிடும்.

"ஊரே அதைத்தானே பண்றது?"

"ஊர் பண்ணட்டும். நான் பண்ணமாட்டேன்."

"சரி, கேன்ல அடைச்சு எங்கயாவது கொண்டுபோய் வச்சுடுங்கோ."

"எங்கயாவதுன்னா யாரு வீட்டுப் பக்கத்துல சார்?"

ஸ்ரீனிவாசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாருங்கோ, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உங்க தலைக்கு மேல 404-ல இருக்காளே சுமதி, அவ எழுத்துல கம்ப்ளெய்ண்ட் கொடுத்திருக்கா. பால்கனி கம்பியெல்லாம் துருவாம். நீங்க வச்சிருக்கிறது ஆசிட்டாம். நான் என்ன பண்ணட்டும்?"

வேதா மேலே வந்துவிட்டாள்.

பாலாநகரில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஒரு சிறிய யூனிட்டில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருந்தாள். யூனிட்டை மூடியபோது தொட்டிகளில் இருந்ததைப் பின்பக்கக் கால்வாயில் திறந்துவிட்டார்கள். அடுத்த மழைவரை அந்த இடம் நீலமும் பச்சையுமாகக் கிடந்தது. அதன் பிறகு அவள் வீட்டிலேயே பலகை செய்யத் தொடங்கினாள். யாரும் ஆயிரக்கணக்கில் கேட்கும் வேலை இல்லை இது. பழைய மெஷின், கம்பெனி கைவிட்ட மெஷின், 'இதுக்கு போர்டு வராது, புதுசு வாங்கிக்குங்க' என்று சொல்லப்பட்ட மெஷின் என்று ஒவ்வொன்றாக வரும். பழுதான பலகையைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்து கொடுப்பாள்.

வேலை நடப்பது சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் சின்ன பால்கனியில். செம்புத் தோல் போர்த்திய ஒரு தகட்டில், செம்பு எங்கெல்லாம் மிஞ்ச வேண்டுமோ அங்கெல்லாம் கறுப்பு மை ஒட்டவேண்டும். பிறகு தகட்டை ஒரு திரவத்தில் இறக்கினால் மை மூடாத செம்பு கரைந்துபோகும், மூடிய கோடுகள் நிற்கும். கடையில் விற்கும் பழுப்புத் திரவம் கொஞ்ச நாளில் செத்துப்போகும், எல்லோரும் அதைக் கொட்டிவிட்டு வேறு வாங்குவார்கள். வேதா வைத்திருந்தது வேறு வகை. செம்பும் ஆசிட்டும் சேர்ந்த பச்சைத் திரவம். செம்பைத் தின்னத் தின்ன அது டிக்காஷன்போல் கறுக்கும். மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னப் பம்பால் அதற்குள் காற்றுக் குமிழ் விட்டால் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பும். மறுபடி செம்பு தின்னும். கொட்ட வேண்டிய அவசியமே வராது. தின்ற செம்பெல்லாம் உள்ளேயே தங்குவதால் வளரத்தான் செய்யும். ஒரு லிட்டரில் தொடங்கியது நான்கு வருஷத்தில் நான்கு லிட்டராகியிருந்தது.

ஆலைக்கழிவை எடுத்துச் சுத்திகரிக்கும் ஒரு கம்பெனிக்கு அன்று மதியம் போன் செய்து பார்த்தாள். எத்தனை டேங்கர் என்று கேட்டார்கள். நாலு லிட்டர் என்றதும் எதிர்முனையில் சிரித்தவர், பக்கத்தில் இருந்தவருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் சாஹித்யா நோட்டீஸைப் படித்துவிட்டுத்தான் வந்தாள். வேதா தமிழில் பேசுவாள், மகள் அந்த நேரத்தில் நாக்கில் வரும் மொழியில் பதில் சொல்வாள்.

"வத்தும்மா. சண்டை வேண்டாம். ப்ளீஸ், ஜஸ்ட் டம்ப் இட்."

"நக்கோன்னா நக்கோ, கொட்டமாட்டேன். நான் சண்டைக்குப் போகல, மேல போய் கம்பியைப் பார்க்கப் போறேன்."

"சேம் திங்," என்றாள் மகள்.

சுமதி திருநெல்வேலிக்காரி. ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லாமல் நேரே பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"பாருங்கக்கா. போன தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன். தொட்டாக் கையோட வருது. துணி காயப்போடுத ஸ்டாண்டைப் பாருங்க. குழந்தை சட்டையில பூராவும் துருக்கறை."

கம்பியின் கீழ்ப்பாதி முழுவதும் செதில் செதிலாக எழும்பியிருந்தது. வேதா விரலால் தடவிப் பார்த்தாள்.

"மட்டமான பெயிண்டா இருக்கும்."

"மட்டமான பெயிண்ட்டுன்னா முன் பால்கனியும்லா போயிருக்கணும்? அங்கன ஒண்ணுமில்ல. உங்க தலைக்கு மேல இருக்கது மட்டும் துரு பிடிக்கும், அப்படித்தானே?"

"என் தொட்டிக்கு மூடி இருக்கும்மா. வாடையே வராது. நான் நாள் பூரா அங்கதான் நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? மீன் மார்க்கெட்டுல இருக்கவங்களுக்கு மீன் நாத்தம் தெரியுமா?"

வேதாவுக்குச் சுருக்கென்றது. "பந்தயம் வச்சுக்கலாமா?" என்றாள்.

வீட்டுக்குப் போய் நாலு இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றைச் சுமதியின் துருப்பிடித்த கம்பியில் நூலால் கட்டினாள். இன்னொன்று அவளுடைய வரவேற்பறையில். மற்ற இரண்டும் கீழே, ஒன்று தன் தொட்டிக்கு மேல், ஒன்று படுக்கையறையில். மார்ச் மாதம். ஒரு சொட்டு மழை இல்லை, உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வருவோம். துரு என்னுதுன்னா எல்லார் முன்னாலயும் சொல்றேன். இல்லேன்னா நோட்டீஸை நீங்களே கிழிக்கணும்."

"கிழிச்சுப்புடுதேன்," என்றாள் சுமதி.

வியாழக்கிழமை காலை காபி டம்ளருடன் பால்கனிக்கு வந்த வேதா தொட்டிக்கு மேலே தொங்கிய ஆணியைப் பார்த்தாள். செங்கல் நிறமாக இருந்தது. படுக்கையறைக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே இருந்தது தேய்த்தபோது இருந்த மாதிரியே மின்னியது. மாடிக்குப் போய்க் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தேவையும் இல்லை. பால்கனிக் கைப்பிடியில் சாய்ந்து தலையை நீட்டி மேலே பார்த்தாலே தெரிந்தது. சுமதியின் ஆணியும் சிவந்துபோயிருந்தது.

காபி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றாள். கைகள் செய்துகொண்டிருந்ததை முதல் முறையாக வெளியே நின்று யோசித்தாள். திரவம் கறுத்தால் காற்றும் விடுவாள், கூடவே கொஞ்சம் ஆசிட்டும் விடுவாள். அவசர வேலை என்றால் இன்னும் கொஞ்சம். யூனிட்டில் அப்படித்தான் பழக்கம். ஆசிட் கூடினால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் யூனிட்டில் தொட்டிக்கு மேல் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குழாய் இருந்தது. ஆவியை எல்லாம் அது உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். பத்தொன்பது வருஷமும் அது தலைக்கு மேல் இரைந்துகொண்டே இருந்ததால் அவள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குழாயை விட்டுவிட்டு அளவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இங்கே குழாயின் இடத்தில் சுமதியின் பால்கனி இருந்தது.

யூனிட்டில் உடன் வேலை பார்த்த இர்பானுக்குப் போன் செய்தாள். அவன் இப்போது பாலாநகரிலேயே மோட்டார் பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருக்கிறான். சொன்னதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா என்பதற்கு அவனுக்கு 'ஆப்பா'.

"ஆப்பா, கேனைக் கொண்டா. ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு சாக்கடை மோரி இருக்கு. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல?"

"அரே, கோபப்படாதே ஆப்பா. வேற என்ன பண்ணுவே?"

"ஆசிட்டைக் கொல்றேன். தண்ணியைக் கொல்லமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கட்டடத்தின் அடியில் இருந்த செல்லாரில், கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடந்தது. தண்ணி டேங்கர், வாட்ச்மேன் லீவு எல்லாம் முடிந்த பிறகு ஸ்ரீனிவாசன் தொண்டையைச் செருமி, "304 மேட்டர்," என்றார்.

வேதா எழுந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் நாலு ஆணிகள், இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை.

"துரு என்னுது. சுமதி சொன்னது நிஜம். நான் ஆசிட்டை அதிகமாப் போட்டேன். அவங்க கம்பியை நானே சுரண்டி நானே பெயிண்ட் அடிக்கறேன்."

சாஹித்யா ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"பெருந்தன்மையா ஒத்துண்டுட்டேள்," என்றார் ஸ்ரீனிவாசன். "அப்போ இன்னிக்கே ஊத்திடுங்கோ, விஷயம் முடிஞ்சுது."

"ஊத்தமாட்டேன் சார்."

"இப்பத்தானே தப்புன்னேள்?"

"தப்பு நான் போட்ட ஆசிட்டுல. அதைத் திருத்தறேன். ஊத்தறது அதைவிடப் பெரிய தப்பு. ஒண்ணு பண்ணிட்டேன்னு இன்னொண்ணையும் பண்ணச் சொல்றீங்களா?"

"இது பேமிலி அபார்ட்மென்ட்மா. ஃபாக்டரி இல்லை."

வேதா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"எழுதுங்க சார். 'நாலு லிட்டர் காப்பர் குளோரைடை 304 வேதா சாக்கடையில ஊத்தணும்னு சங்கம் உத்தரவு போடுது' அப்படின்னு. கீழ செக்ரட்டரின்னு கையெழுத்துப் போடுங்க. இப்பவே மேல போய்க் கொண்டாந்து உங்க கண்ணு முன்னால ஊத்தறேன்."

ஸ்ரீனிவாசன் பேனாவைத் தொடவில்லை. "அதெப்படி நான் எழுதறது?"

"கைக்கு எழுதமாட்டீங்க? நோட்டீஸ் எழுதினீங்கல்ல?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அதுல 'அப்புறப்படுத்து'ன்னு போட்டிருக்கீங்க, 'எங்க'ன்னு போடலை. அந்த 'எங்க'வை மட்டும் எழுதுங்கன்றேன்."

பின்வரிசையில் இருந்த ஒரு தெலுங்குக்காரர், "ராயண்டி சார், ராயண்டி," என்று எழுதச் சொல்லித் தூண்டினார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்ரீனிவாசனின் காது சிவந்தது.

"கம்ப்ளெய்ண்ட் கொடுத்தவா சொல்லட்டும்," என்று சுமதியின் பக்கம் திரும்பினார்.

சுமதி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கம்பி துரு பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். அத எங்கனயாவது கொண்டுபோய்க் கொட்டுங்கன்னு நான் எழுதல. நிப்பாட்டுங்கன்னுதான் எழுதினேன்."

"நான் ஓனருக்கு எழுதத்தான் போறேன்," என்றார் ஸ்ரீனிவாசன்.

"எழுதுங்க. ஆணியையும் போட்டோ புடிச்சு அனுப்புங்க. துரு நல்லாத் தெரியட்டும்."

வீட்டு உரிமையாளர் அமெரிக்காவில் இருந்தார். இரவோடு இரவாகப் பதில் வந்துவிட்டது. 404-காரர் சரி என்றால் தனக்கும் சரி, இல்லையென்றால் ஏப்ரல் முடிவில் வீடு காலியாக வேண்டும். ஒரு வரி விளக்கம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் வேதா ஸ்டூலையும் உப்புத்தாளையும் தூக்கிக்கொண்டு மேலே போனாள். கம்பியைச் சுரண்டினாள், சிவப்பு ப்ரைமர் அடித்தாள், காய்ந்ததும் கறுப்பு. சுமதி ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவே வந்து பார்த்துவிட்டுப் போனாள். புதிய ஆணியை வேதா நீட்டியபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க கட்டுனா ஆவாது. நான் கட்டுதேன். உங்க தொட்டிக்கு மேலயும் நானே வந்து கட்டுவேன்."

"வாங்க. உப்புத்தாளும் நீங்களே தேய்ங்க."

கீழே வந்த சுமதி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பம்ப் குமுகுமுவென்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. பழைய வயரை உரித்தெடுத்த செம்புக் கம்பிகள் சுருள் சுருளாக உள்ளே கிடந்தன.

"கம்பியை எதுக்கு உள்ள போட்டிருக்கீங்க?"

"தீனி. காத்தையும் செம்பையும் கொடுத்தா ஆசிட் தானா செலவாகும். செலவானா மேல வராது."

"அப்ப இது இன்னும் பெருகுமே?"

"பெருகும். பாதியை பாலாநகருக்கு அனுப்பறேன். இர்பான் மோட்டாருக்கு போர்டு அடிக்கணும்னு கேட்டுட்டே இருந்தான். அதை வச்சு அவன் தொடங்கிக்கலாம்."

சுமதி கொஞ்சம் யோசித்தாள். "உறை மோர் கொடுக்கது மாதிரியா?"

"ஹவ். அதேதான்."

"அப்ப விளக்கு வச்ச பொறவு கொடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள் சுமதி. சமாதானமாகிவிட்டாள் என்று அதற்குப் பொருளில்லை. மூக்கிலிருந்து கையை அவள் எடுக்கவில்லை.

இர்பான் ஸ்கூட்டரில் வந்து இரண்டு லிட்டர் கேனைக் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனான். ஆசிட் பாட்டிலையும் வேதா அவனிடமே கொடுக்க எடுத்தாள், பிறகு ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொண்டாள். அடியில் வெளிறிய பச்சை வண்டல் படியத் தொடங்கினால் ஆசிட் அறவே தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஒரு மூடி அளவு ஆசிட் தேவைப்படும். ஒரு மூடிக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த முடிவைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆசிட் குறைந்த திரவம் சோம்பேறியாக வேலை செய்தது. முன்பு ஒரு தகடு கரையும் நேரத்தில் ஒரு டிபன் செய்து முடிக்கலாம், இப்போது முழுச் சமையலும் முடிந்து பாத்திரமும் துலக்கிவிடலாம். பிந்து என்ற பிசியோதெரபிஸ்ட் தினமும் போன் செய்தார். அவருடைய மெஷின் நின்றுபோயிருந்தது, கம்பெனி கையை விரித்துவிட்டது. முதலில் செய்த பலகையில் மெல்லிய கோடுகள் அரித்துப் போயின. திரவத்தில் நெடுநேரம் கிடந்ததால் மைக்கு அடியிலும் புகுந்து தின்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. சிங்க்குக்குக் கீழே அந்தக் குப்பி இருந்தது. அதைத் திறந்து தாராளமாகச் சாய்த்தால் மாலைக்குள் வேலை முடியும். வேதா குப்பியைக் கையில் எடுத்தாள். தலைக்கு மேலே நூலில் ஆணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மீன்தொட்டிக் கடைக்குப் போய் இன்னொரு பம்ப் வாங்கி வந்தாள். இரண்டு குழாய்களையும் இறக்கினாள். ஒரு பக்கெட்டில் வெந்நீர் வைத்து அதற்குள் தொட்டியை வெதுவெதுப்பாக உட்கார வைத்தாள். சூடு ஏறாமல் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். டிக்காஷன் நிறம் மெல்ல வெளுத்தது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. மதியத்துக்குள் தொட்டி முழுவதும் பாட்டில் பச்சையாகி, அடியில் கிடந்த கம்பி தெரிந்தது.

சுமதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஆணிகளையும் தானே அவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். தொட்டிக்கு மேல் இருந்ததன் தலையில் மட்டும் மங்கலாக ஒரு புள்ளி இருந்தது.

"இது என்ன?"

"துரு," என்றாள் வேதா. "தொட்டிக்கு ஒரு சாண் மேல தொங்கினது. உங்க கம்பி பத்தடி தள்ளி இருக்கு. ஆனா துருதான், இல்லேன்னு சொல்லமாட்டேன்."

சுமதி தன் கம்பியில் கட்டியிருந்த ஆணியைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. போனை எடுத்து அதை மட்டும் படம்பிடித்து அமெரிக்காவுக்கும் ஸ்ரீனிவாசனுக்கும் அனுப்பினாள். கீழே எழுதியதை வேதாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்: "இப்போதைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆணி என் பால்கனியிலேயே தொங்கும். அது சிவந்தால் மறுபடி எழுதுவேன்."

"'இப்போதைக்கு' எதுக்கு?"

"அந்த வார்த்தை அங்கனதான் இருக்கும்க்கா. இஷ்டம்னா பாருங்க."

"இருக்கட்டும்," என்றாள் வேதா. "மாசா மாசம் புது ஆணி நான் தேய்ச்சுத் தரேன்."

லிஃப்டில் நோட்டீஸ் அப்படியே இருந்தது. கெடு கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை எடுப்பது ஸ்ரீனிவாசனுக்குக் கௌரவக் குறைச்சல். அன்று மாலை லிஃப்டில் அவரும் வேதாவும் மட்டும் இருந்தார்கள். இருவரும் நோட்டீஸைப் பார்த்தார்கள்.

"ரூல்னு ஒண்ணு இருக்குமா," என்றார் அவர்.

"இருக்கு சார். தேதியும் ஒண்ணு இருக்கு, போயிடுச்சு." வேதா நாலு மூலை டேப்பையும் பொறுமையாக உரித்தாள். தாள் கிழியவில்லை. "இதை நான் எடுத்துக்கறேன். கம்ப்ளெய்ண்ட் இருந்தா புதுசா ஒட்டுங்க. இதே பேப்பர்ல ஒட்டுங்க சார், நல்லா இருக்கு."

"அதை வச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?"

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. "போர்டு பண்ணப் போறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வழவழப்பான தாளில் அச்சடித்தால் மை தாளைப் பிடித்துக்கொள்ளாது. சூடு பட்டதும் செம்புக்கு மாறிவிடும். பிந்துவின் மெஷினுக்கான கோடுகளை வேதா கணினியிலிருந்து அந்தத் தாளின் படப் பக்கத்தில் அச்சடித்தாள். நீரூற்றின் மேலும் தென்னை வரிசையின் மேலும் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, தாளைக் கவிழ்த்து வைத்து, மேலே பழைய வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தபோது ஒரு கோடுகூட விடுபடாமல் செம்பில் ஒட்டியிருந்தது.

சாஹித்யா வேட்டித் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். தாளின் மறுபக்கத்து மையும் சூட்டில் இளகி, நோட்டீஸின் எழுத்துகள் பாதி பாதியாகத் துணியில் இறங்கியிருந்தன. ஸ்ரீனிவாசனின் கையெழுத்து பேனா மை, அது மட்டும் வரவில்லை.

"அம்மா, இதி சூடு, இதைப் பாரு," என்று சிரித்தாள்.

வேதா பார்க்கவில்லை. பலகையைப் பச்சைக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, இரண்டு பம்புகளையும் ஓடவிட்டாள்.